சஹனின் ஆறாவது இடம்

திரையில் இருந்த வெறுமையான இடத்திடம், உனக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அது சைபர் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினொன்று என்றது.

றிப்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நோன்பு பிடித்த பகலில், மூன்று மணி தாண்டினால் எழுத்துக்கள் கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும். அவளுடைய மேசை கூடத்தின் மூலையில், அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே செருகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தெல்தெனியச் சரிவின் அடியில், மார்ச் வெயிலுக்கு வற்றிப்போன நீர்த்தேக்கம் தகரத் தகடுபோலக் கிடந்தது. முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன்பு தண்ணீருக்குள் போன பழைய டவுனின் சுவர்கள் இரண்டு மூன்று, கரையோரச் சேற்றில் இருந்து தலை நீட்டியிருந்தன. காய்ந்த சேற்றின் மணம் மேலே இவ்வளவு தூரம் வராது. அன்று வந்தது.

கண்டி டவுனில் கிஷான் நடத்தும் சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு அவள் வீட்டில் இருந்தே வேலை செய்தாள். மடவளைப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு ஒரு திரை வேண்டியிருந்தது: வரும் விருந்தினரைச் சஹன் சஹனாகப் பிரித்துக் காட்ட வேண்டும். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். திரையில் ஒவ்வொருவரும் பெயர் எழுதிய ஒரு பெட்டி. பெட்டிகளை வரிசையாகவோ கட்டம் கட்டமாகவோ அடுக்குவதற்குப் பைத்தனில் ஆயத்தமான லேஅவுட் மனேஜர்கள் உண்டு. வட்டமாக உட்கார வைக்க ஒன்றும் இல்லை. ஆகவே றிப்தா தானே ஒன்று எழுதினாள்.

எழுதும்போது அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. எந்தப் பெட்டியும் தன் இடத்தைத் தானே தீர்மானிப்பதில்லை. லேஅவுட் ஒவ்வொன்றிடமும் போய், உனக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கும். பெட்டி ஓர் எண்ணைச் சொல்லும். எல்லாப் பதில்களையும் கூட்டிப் பார்த்து, லேஅவுட் அவரவரை அவரவர் இடத்தில் இருத்தும். இருத்தப்பட்டது அங்கேதான் இருக்கும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில் இருந்து அந்தக் கேள்விக்குத் தானும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதாக றிப்தாவுக்குச் சில வேளைகளில் தோன்றும். அலுமாரியில் ஒரு தட்டு. கூடத்தில் ஒரு மூலை. அவள் சொன்ன எண் எப்போதும் சிறியதாகவே இருந்தது.

பரீட்சித்துப் பார்ப்பதற்குப் பெயர்கள் தேவைப்பட்டன. வீட்டில் உள்ளவர்களின் பெயர்களையே போட்டாள். கணவன் இப்ஹாம், மாமி றம்லத், இப்ஹாமின் தங்கை ஜஹானா, றிப்தா, நாலு வயது மகள் சப்னா. ஐந்து பேர். பெரியவர்களுக்கு நூற்றிருபது அகலம், சப்னாவுக்கு அறுபது, வட்டம் முழுவதற்கும் எழுநூற்று எண்பது.

"என்த மதினி, எங்கள எல்லாம் பொட்டிக்குள்ள போட்டீக்கி?" என்று ஜஹானா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன்ட பொட்டிய கொஞ்சம் மெலிசாக்குங்களே. மாப்பிள வீட்டார் பாத்தா என்த செல்லுவாங்க?"

மாமிக்கு வேறு கவலை. "ஆறு பேர் சேர முந்தி சஹன்ல கை வெக்கிய இல்ல. அத எழுதினயா புள்ள?"

எழுதியிருந்தாள். ஐந்து பேர் மட்டும் இருந்தால் ஆறாவது ஆளுக்கு ஓர் இடத்தை விட்டு வைக்க வேண்டும்; மற்றவர்கள் அதற்குள் நகரக் கூடாது. அந்த வெற்றிடத்தை ஒரு புள்ளிக்கோட்டுப் பெட்டியாக வரைந்தாள். அதற்குப் பெயர் இல்லை. அகலம் சைபர். ஆனாலும் வட்டத்தில் இருக்கும் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை அதனிடமும் கேட்கும்படி எழுதிவிட்டாள். ஒரு வரி குறைவாக எழுதினால் போதும் என்ற சோம்பல்.

மண்டபத்துக்காரர் இன்னொன்றும் கேட்டிருந்தார். கிஷான் அதைத் தொலைபேசியில் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. "ஒரே தட்டுல ஆறு பேருங்கிறதே எனக்கு ஆச்சரியம்ங்க. எங்க வீட்ல ரெண்டு பேரு உக்காந்தாலே சண்டை. இப்ப சின்னப் பிள்ளைங்க வந்தா எண்ண வேணாங்கிறாரு. இடம் பத்தலன்னா பக்கத்துல உள்ளவங்க மடியில தூக்கி வச்சிக்குவாங்களாம்."

அதையும் எழுதினாள். இடம் போதாவிட்டால், ஆகச் சிறிய பெட்டியைப் பக்கத்தில் உள்ள பெரிய பெட்டியின் மடியில் ஏற்று. மடியில் ஏறியதைக் கணக்கில் எடுக்காதே. அதில் ஒரு சின்னக் குறை இருந்தது. பெரிய பெட்டி சிறியதன் மேல் வரையப்பட்டு, மெல்ல அதை மூடிவிடும். பெயரின் மேல் ஓரம் மட்டும் கொஞ்ச நேரம் தெரியும். பிறகு திருத்த வேண்டும் என்று குறித்து வைத்திருந்தாள்.

திரையில் நிரல் ஓடிய ஜன்னலை இழுத்துச் சிறிதாக்கினாள். பெருப்பித்தாள். ஒவ்வொரு முறையும் திரையின் அடியில் ஆறு பதில்கள் வரி வரியாக விழுந்தன. ஆறாவது வரி வெற்றிடத்தினுடையது.

பதினொன்று. பதினொன்று. பன்னிரண்டு.

மடிக்கணினியை மூடிவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனாள்.

அந்த வீட்டில் நோன்பு மாதம் முழுவதும், அந்தித் தொழுகையான மஃரிப் முடிந்த பிறகு இரவுச் சோற்றை எல்லாரும் ஒரே சஹனில்தான் சாப்பிடுவார்கள். மாமியின் பிடிவாதம் அது. கூடத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்து, அதன் மூடியைத் திறந்ததும் நெய்ச்சோற்றின் ஆவி குழல்விளக்கு வரை எழும்பும்; ஏலக்காயும் வறுத்த கோழியும் மணக்கும்; வெளியே தெல்தெனிய பஸ் ஒன்று வளைவில் முனகிக்கொண்டு ஏறும். எல்லாம் வழமைபோலத்தான் இருந்தது. றிப்தா தன் வலது கையைச் சோற்றில் வைத்த பிறகுதான் கண்டாள். சப்னாவுக்கும் இப்ஹாமுக்கும் நடுவில் ஒரு கையகல இடம் வெறுமையாக இருந்தது.

"இங்க கொஞ்சம் கிட்ட வாங்களே," என்றாள் கணவனிடம்.

"கிட்டத்தானே ஈக்கிறன்," என்றான் இப்ஹாம், நகராமல்.

மறுநாள் வெற்றிடம் நாற்பத்தேழு என்றது.

எழுதிய நிரல் முழுவதையும் கிஷானுக்கு அனுப்பினாள். அரை மணித்தியாலத்தில் அவன் அழைத்தான். "என் மெஷின்ல சைபர்தாங்க காட்டுது. நீங்க நோன்போட கண்ணு முழிச்சி வேலை பாக்காதீங்க. பெருநாள் முடிஞ்சி குடுத்தா போதும். நல்லாத் தூங்குங்க."

அவனிடம் வேறு என்ன சொல்வது? வெறுமையான இடம் ஒன்று பதில் சொல்கிறது என்றா? நான் கேட்டேன், அதனால் சொல்கிறது என்றா?

அன்று மஃரிபுக்கு இப்ஹாம் முன்னால் நின்றான். பின்னால் பெண்களின் வரிசை: மாமி, ஜஹானா, சப்னா, றிப்தா. வரிசையில் இடைவெளி விட்டால் மாமிக்குப் பிடிக்காது. தினமும் தொழுகைக்கு முன் சப்னாவின் கையைப் பிடித்து ஜஹானாவோடு ஒட்ட இழுப்பார். "இடைவெளி உட்டா ஷைத்தான் வந்து நிப்பான்," என்பார். அன்று ஜஹானாவுக்கும் சப்னாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது. மாமி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தின் மேல் அவருடைய பார்வை போய், தங்காமல், அடுத்த முகத்துக்குத் தாவியது. பிறகு திருப்தியோடு முன்னால் திரும்பிக்கொண்டார்.

றிப்தா தொழுதாள். ஸுஜூதில் நெற்றி பாயைத் தொட்டபோது, பக்கத்தில் இருந்து ஈரச் சேற்று மணம் வந்தது.

சோறு சாப்பிட்டு முடித்த பிறகு சஹனைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் தன் முன்னால் உள்ளதைத்தான் சாப்பிடுவார்கள். வெறுமையான பக்கத்தில் சோறு குவியலாக எஞ்சியிருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதன் நடுவில் ஒரு குழி. அகலமான, வழவழப்பான குழி. விரல் அடையாளம் எதுவும் இல்லை.

"ஜஹானா, இந்தப் பக்கம் நீங்களா தின்ட?"

"எனக்கி என்ன, கையி அவ்வளவு நீட்டா?" என்று சிரித்துக்கொண்டு ஜஹானா சஹனைத் தூக்கிக்கொண்டு போனாள். குசினிக்குப் போகும் ஒடுங்கிய நடையில், எதிரே யாரோ வருவதுபோல அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கணம். பிறகு நடந்தாள். அவளுடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு றிப்தா எல்லாரையும் பார்க்கத் தொடங்கினாள். இப்ஹாம் குளியலறைக் கதவைத் திறந்து, கொஞ்சம் பின்வாங்கி, காத்திருந்து, பிறகு உள்ளே போனான். மாமி கதிரையில் உட்காரும்போது ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார். யாருக்கும் தெரியவில்லை. இடம் விடுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்தது. அந்த விதியை எழுதியவள் அவள் என்பதாலாக இருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் வெற்றிடத்துக்கான வரிகளை எல்லாம் அழித்தாள். ஒன்றுவிடாமல். சேமித்தாள். ஓடவிட்டாள். புள்ளிக்கோட்டுப் பெட்டி போய்விட்டிருந்தது. ஐந்து பெயர்கள் வட்டமாக இருந்தன. ஆனால் இப்ஹாமின் பெட்டிக்கும் சப்னாவின் பெட்டிக்கும் நடுவில் திரை வெள்ளையாக, அகலமாக, திறந்து கிடந்தது. அடியில் ஆறு வரிகள். ஐந்துக்குப் பெயர் இருந்தது. ஆறாவதில் எண் மட்டும்.

நூற்றைம்பது.

சப்னா அவளுடைய காலடியில், தரையில் குப்புறப் படுத்து, நிறப் பென்சிலால் வீடு வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து உம்மாவின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"என்த மகள்?"

"அங்கால தள்ளட்டாம். இடம் காணாதாம்."

"ஆரு செல்ற?"

"அவங்க," என்றாள் சப்னா. மரியாதை தெரிந்த பிள்ளை. பெரியவர்களை அவங்க என்றுதான் சொல்லுவாள்.

றிப்தா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எது வளர்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. அது எவ்வளவு கேட்கிறது என்பது மட்டும் தெரிந்தது. இந்த வட்டத்தில் ஆகச் சிறியது எது என்பதும் தெரிந்தது.

மாலையில் இப்ஹாமிடம் சொன்னாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாக, முதலில் இருந்து. அவன் கேட்டான். இடையில் சிரிக்கவில்லை. முடிவில் அவளுடைய நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

"ரெண்டு நாளக்கி உம்மாட ஊட்டாக்கள யாரையும் கூப்புட்டுக்கங்களேன். தனிய ஈந்து ஈந்துதான் இப்பிடி."

அவன் அதைச் சும்மா ஆறுதலுக்குச் சொன்னான். றிப்தாவுக்கு அது வழியாகத் தெரிந்தது. அந்த இடம் ஏன் திறந்தது? ஐந்து பேர் இருந்ததால். ஆறு பேர் இருந்தால் விட்டு வைக்க இடம் இல்லை. கேள்வி இல்லை. பதில் இல்லை. கண்டியில் வேலை செய்யும் தன் அண்ணன், அமான் நானாவுக்கு உடனே அழைப்பு எடுத்தாள்.

"நாளக்கி நோன்பு தொறக்க இங்க வாங்களேன் நானா. கட்டாயம் வரோணும்."

"என்ன தங்கச்சி, கொரலு ஒரு மாதிரி ஈக்கி? மாமிட கோழிப் பொரியல் ஈக்கிமா? அப்ப வாரன்."

மறுநாள் பின்னேரம் பட்டியலில் ஆறாவது பெயராக அமானைச் சேர்த்தாள். நூற்றிருபது. ஓடவிட்டாள். வட்டம் ஒரு முறை அசைந்தது. பெட்டிகள் தள்ளி இடம்பிடித்தன. அடியில் எண்ணிக்கை விழுந்தது.

ஆறு.

ஏழு இல்லை. ஆறு. "புள்ள, கஞ்சி பொங்குது!" என்று மாமி குசினியில் இருந்து கத்தினார். றிப்தா மடிக்கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். நாலு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

அமான் நாலரை மணி பஸ்ஸில், வட்டிலப்பமும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்தான். சப்னாவைத் தூக்கி அந்தரத்தில் எறிந்து பிடித்தான். ஜஹானாவின் கல்யாணத்தைப் பற்றிக் கிண்டல் செய்தான். நோன்பு திறந்தார்கள். தொழுதார்கள். ஆண்கள் இருவரும் முன்னால் நின்றார்கள். தான் நின்ற பின் வரிசையை றிப்தா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பாய் விரிந்தது. சஹன் வந்தது. மூடி திறந்தது.

"நானா, நீங்க இங்க," என்றாள். சப்னாவுக்கும் இப்ஹாமுக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். பாய் ஈரமாக இருந்தது.

அமான் அங்கே உட்காரத்தான் வந்தான். காலை மடக்கினான். மடக்கியவன், ஏதோ தடுத்ததுபோல அரையடி நகர்ந்து, இப்ஹாமின் மறுபக்கத்தில் உட்கார்ந்தான். "இங்கயே ஈக்கிறன்," என்றான் இயல்பாக. ஜஹானா தள்ளினாள். மாமி தள்ளினார். முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதின. தோள்கள் இடித்தன. இப்ஹாம் ஒருபக்கமாகச் சாய்ந்து, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டான். வட்டம் இறுகியது.

சப்னாவுக்கும் இப்ஹாமுக்கும் நடுவில் இருந்த இடம் குறையவில்லை. முன்பைவிட அகலமாக இருந்தது.

றிப்தாவின் பார்வை மூலைக்குப் போனது. மடிக்கணினியின் திரை இன்னும் வெளிச்சமாக இருந்தது. அங்கிருந்தே வரிகளை எண்ண முடிந்தது. ஆறு. எண்ணிக்கையைத்தான் பார்த்தாள். பெயர்களைப் பார்க்கவில்லை.

நீளமான வரிகள் ஐந்து. றம்லத். இப்ஹாம். ஜஹானா. றிப்தா. அமான். ஆறாவது வரி குட்டையானது. பெயர் இல்லாதது.

சப்னாவின் வரி எங்கே?

ஐந்து நூற்றிருபது, அறுநூறு. வட்டம் எழுநூற்று எண்பது. மிச்சம் நூற்றெண்பது. அதை யார் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். அது போகவில்லை. அது ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. ஏழாவது ஆளைக் கொண்டு வந்தது அவள்தான்.

"இடம் காணாது போல," என்றார் மாமி, சஹனைப் பார்த்தபடி, எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் சொல்லும் குரலில். "சின்னவள மடியில வெச்சிக்கங்களே."

யாருடைய மடியில் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

சப்னா எழுந்தாள்.

"மகள், உம்மாட்ட வாங்க." றிப்தா கையை நீட்டினாள். நீட்ட நினைத்தாள். கை மடியிலேயே இருந்தது. எழும்ப நினைத்தாள். உடம்பு பின்னால் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஒழுங்காக, தன் அளவுக்குள், இடம் விட்டது.

சப்னா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்தாள். திரும்பினாள். கைகள் இரண்டையும் மேலே தூக்கினாள், பெரியவர்கள் தூக்கும்போது தூக்குவதுபோல. பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

உட்கார்ந்தாள்.

பாயில் இல்லை. பாய்க்கு மேலே, ஒரு முழ உயரத்தில். கால்கள் தொங்கின. ஒரு காலில் இருந்த வெள்ளிக் கொலுசு ஆடியது. சட்டையின் ஓரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது. நெற்றியில் விழுந்திருந்த முடி மெதுவாகப் பின்னால் போனது. யாரோ கோதிவிடுவதுபோல.

"பிஸ்மில்லாஹ்," என்றான் இப்ஹாம்.

கொலுசு தெரியவில்லை. பிறகு கால்கள் தெரியவில்லை. இடுப்பு. பூப்போட்ட சட்டை. அவற்றுக்குப் பின்னால் இருந்த சுவரும் குசினி வாசலும் தெளிவாகத் தெரிந்தன. முகம் மட்டும் மிச்சம் இருந்தது. அது உம்மாவைப் பார்த்து, பயமே இல்லாமல், சிரித்தது. பிறகு கண்கள். பிறகு நெற்றியின் மேல் ஓரம்.

ஐந்து கைகள் சஹனுக்குள் இறங்கின. அதில் ஒன்று தன்னுடையது என்று றிப்தா கண்டாள். அது சோற்றைப் பிசைந்தது. அவளுடைய வாய் திறந்தது.

ஆறாவது பக்கத்தில் சோறு அகலமாக, மெதுவாக அமிழ்ந்தது. அதற்குள், ஓரமாக, இன்னொரு சின்னக் குழி விழுந்தது. ஐந்து விரல் அளவு.

"மாஷா அல்லாஹ்," என்றார் மாமி. "இப்பதான் சஹன் நெறஞ்சீக்கி."